நாலாவது மடிப்பு

ஜனவரி 9

அப்புறத்துக்கு அண்ணன் எழுதுவது.

"நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறேன், இன்னும் இந்தப் பட்டப்பெயரா?" என்று முகத்தைச் சுளிக்காதே. பல் தேய்க்கச் சொன்னால்கூட "அப்புறம்" என்று சொன்னவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? நீ வைத்த "மணிக்கூண்டு"வை நான் இத்தனை வருடம் சுமக்கவில்லையா?

எங்கள் ஆலை லாரிக்காரர் கொண்டுவரும் பொட்டலத்தைத் தலைகீழாக வைத்துவிடாதே. உள்ளே ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. அதில் இருப்பது கஞ்சி இல்லை, தாய்மாவு. வெறும் கோதுமை மாவும் தண்ணீரும்தான், ஆனால் புது மாவு போட்டுப் போட்டு ஏழு வருடமாக என் அறை ஜன்னலில் புளித்துக்கொண்டிருக்கிறது. இதில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தால் போதும், ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி எழும்பும்.

அப்பா எங்கள் ஆலை ரொட்டியைப் பஞ்சு என்று சொல்லித் துப்பிவிட்டார் என்றாய். எனக்குக் கோபம் இல்லை. ஷிப்ட் பொறுப்பாளனாக இருபது வருடம் அந்தப் பஞ்சைத்தான் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது சரிதான். இந்தத் தாய்மாவில் செய்த ரொட்டியை சூப்பில் ஊறவைத்துக் கொடுத்துப் பார். கட்டாயம் இறங்கும்.

அட்டவணையும் உள்ளே இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. எட்டு மணிக்குப் பிசைந்து மூடிவிடு. ஒன்பதுக்கு முதல் மடிப்பு, அதாவது மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் போடுவது, நாலு பக்கமும். பிறகு அரை மணிக்கொரு மடிப்பு. நாலாவது பத்தரைக்கு. நாலும் முக்கியம். ஒன்றை விட்டாலும் ரொட்டி படுத்துவிடும், பிறகு என்னைத் திட்டாதே.

நான் வருவதைப் பற்றிக் கேட்டாய். ஆலையில் புது ஓவன் பொருத்துகிறார்கள். அது முடியட்டும்.

அண்ணன்


ஜனவரி 27

மணிக்கூண்டு அண்ணாவுக்கு,

பாட்டில் உடையாமல் வந்தது. லாரிக்காரர் அதைப் பச்சைக் குழந்தையைத் தருவது போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

முதல் ரொட்டியை வைத்து ஆணி அடிக்கலாம். இரண்டாவது தோசைக்கல் அளவுக்குப் பரந்து படுத்துவிட்டது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செருப்புக்கு அடியில வெச்சுத் தைக்கலாம், உனக்குத்தான் தையல் தெரியுமே" என்றார். என்னை நக்கல் செய்யும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

தப்பு என்னுடையதுதான். இரண்டாம் மடிப்பை மறந்தேன், மூன்றாவதை விட்டுவிட்டேன். அண்ணா, இங்கே என் பொழுது எப்படிப் போகிறது என்று உன் அட்டவணைக்குத் தெரியாது. காலையில் அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி வாக்கரைப் பிடிக்கவைத்து, பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் என் இடுப்பு போய்விடுகிறது. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன், கடைசியில் என்னை லிஃப்ட் ஆக்கிவிட்டார். பிறகு திரைச்சீலைக் கடைக்காரரின் துணி மூட்டை. ஜன்னல் ஜன்னலாகத் தைக்கிறேன். ஊசியில் நூல் கோக்கும்போதே கண் செருகுகிறது.

நேற்று மூன்றாவது ரொட்டி. ஓரளவு வந்தது. அப்பா ஒரு துண்டு முழுசாகச் சாப்பிட்டார். "யாரும்மா செஞ்சது?" என்றார். "உங்க பையன் மாவுப்பா" என்றேன். உடனே வாசல் பக்கம் திரும்பி, "வந்திருக்கானா?" என்று கேட்டார்.

நீ அட்டவணை அனுப்புகிறாய், மாவு அனுப்புகிறாய், ஆள்தான் வரவில்லை.

சரி, சண்டை வேண்டாம். அவர் சாப்பிடுகிறார் என்பதற்காக இனிமேல் ஒழுங்காகச் செய்கிறேன். போனில் நாலு அலாரம் வைத்துவிட்டேன். நம்ப மாட்டாய்.

உன் தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் கத்தியது தப்பு. கத்திச் சொன்ன விஷயம் தப்பில்லை. எழுபத்தெட்டு வயது மனுஷர் பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். வீட்டில் ஒரு ஆள் இருந்தும் இல்லாதது போல. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினபோது அவரே சொன்னார், "அவ தூங்கிக்கிட்டிருந்தாடா, பாவம், நான் எழுப்பல" என்று. பகல் பத்தரை மணிக்கு என்ன தூக்கம்? களைப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் எழுந்துபோகும் நேரம் உனக்குத் தெரியும். அவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவதைக்கூட "அப்புறம்" என்று தள்ளிப்போட முடியுமா?

எனக்கு லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. அதையும் நம்ப மாட்டாய்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு என்னென்ன எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் போனில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மாத்திரை, கால் அசைக்கும் பயிற்சி, பாத்ரூம் எல்லாம் அதில் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். தயவுசெய்து இதையாவது பார்த்து நட.

அண்ணன்


மார்ச் 4

அண்ணாவுக்கு,

அட்டவணை கிடைத்தது. ஒட்டவில்லை.

தூங்கினேன் என்றே வைத்துக்கொள். அது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. இப்போது ஒருவரால் தூக்க முடியாது. மாடி வீட்டு டீச்சர் காலையில் வந்து கை கொடுக்கிறார். எத்தனை நாளைக்குக் கொடுப்பார்?

முதியோர் இல்லம் ஒன்றில் அப்பா பெயரை எழுதிவைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு படுக்கை காலியாகுமாம். அந்த மாதம் முடிவதற்குள் சரி, இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரொட்டி செய்வதில்லை. உன் பாட்டில் ஃபிரிட்ஜில் எங்கோ பின்னால் கிடக்கிறது.


மார்ச் 30

தங்கைக்கு,

போன வாரம் லாரிக்காரர் உன்னைப் பார்த்தாராம். பழம் கொடுக்க வந்தபோது கதவைத் திறந்தவள், அவர் பேசி முடிப்பதற்குள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாயாம். "உடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணே, நிக்கத்தான் முடியல" என்று சொன்னாயாம். அவர் வந்து என்னிடம், "அது பாட்டுக்கு உக்காந்திருச்சுங்க, எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை.

இல்லம் பற்றி உனக்கு என்ன பதில் எழுதுவது என்று மூன்று தடவை தாளை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? சரி என்று எழுதவும் கை வரவில்லை.

பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதே. மேலே கறுப்பாகத் தண்ணீர் நிற்கும், மூக்கைத் துளைக்கும். செத்துவிட்டது என்று நினைப்பாய், சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, புது மாவும் தண்ணீரும் கொடுத்துப் பார்.

இன்னொன்று. அப்பா முதலில் நீ தூங்கினாய் என்றார். நேற்று போனில், நீ துணி தைத்துக்கொண்டிருந்தாய், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறார். அவருக்கு மறதி எல்லாம் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு என்னதான் நடந்தது? திட்ட மாட்டேன். சொல்.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

பாட்டிலைத் தேடி எடுத்தேன். நீ சொன்னபடியே கறுப்புத் தண்ணீர். பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி நாற்றம். கொட்டினேன். அளக்கத் தராசைத் தேடத் தெம்பில்லை, கையால் ஒரு பிடி மாவு போட்டுக் கிளறி மூடிவைத்துவிட்டு மறந்தே போனேன். மறுநாள் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு பிடி. மூன்றாம் நாள் சாயங்காலம் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்து வழிந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் பட்டினி போட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை கோபமில்லை அதற்கு.

இப்போது நான் ரொட்டி செய்வதை நீ பார்த்தால் மயங்கி விழுவாய். அலாரம் எல்லாம் அழித்துவிட்டேன். காலையில் அப்பா காபி குடிக்கும்போது எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கரண்டியால் கலக்கி, ஈரத் துணி போட்டு மூடுகிறேன். அந்தப் பக்கம் போகும்போது ஞாபகம் வந்தால் ஒரு மடிப்பு. வராவிட்டால் இல்லை. கொஞ்சம் பொங்கினாற்போல் தெரிந்தால் ஃபிரிட்ஜில் தள்ளிவிடுவேன். மறுநாள் சுட முடிந்தால் சுடுவேன், முடியாவிட்டால் அதற்கு அடுத்த நாள். ஒரு தடவை மூன்று நாள் கிடந்தது, புளிப்பு தூக்கலாக இருந்ததே தவிர அப்பா இரண்டு துண்டு கேட்டுச் சாப்பிட்டார். ஒரேயடியாகத் தளர்ந்துபோனால் தட்டில் எண்ணெய் தடவிப் பரப்பிச் சுட்டுவிடுகிறேன். கேக் செய்யும் தகரத்தில் போட்டால் அது தன் இஷ்டத்துக்குப் படுக்கவும் முடியாது. கோணலாகத்தான் வருகிறது, ஆனால் ரொட்டியாகத்தான் வருகிறது.

மாவு காத்திருக்கும், அண்ணா. நீ எழுதாமல் விட்டது அதைத்தான்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. தைக்கவும் இல்லை. மூன்று மடிப்பும் நேரத்துக்கு முடித்துவிட்டேன், எனக்கே பெருமையாக இருந்தது. பத்தரைக்கு நாலாவது அலாரம் அடித்தது. கை இரண்டும் மாவில். அப்போது அப்பா கூப்பிட்டார், "ஏம்மா, கொஞ்சம் வர்றியா?" நான், "அஞ்சு நிமிஷம்ப்பா, இத முடிச்சுட்டு வந்துடறேன்" என்றேன். மணிக்கூண்டு நாலும் முக்கியம் என்று எழுதியிருக்கிறானே, இந்த ஒரு தடவையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று மடித்தேன். நாலு பக்கமும். கையைக் கழுவக் குழாயைத் திறக்கும்போது சத்தம் கேட்டது.

வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையை நான் நேரத்துக்குச் செய்தேன். அதற்குக் கிடைத்தது இது.

தரையில் கிடந்தபடியே என் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். "நீ தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிடறேம்மா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்றால் களைப்பு என்பார்கள். பெற்ற அப்பா கூப்பிடும்போது ரொட்டிக்கு மாவு மடித்தாள் என்றால் என்ன சொல்வார்கள்? அதனால் நீ கத்தினதைக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது திட்டிக்கொள். ஆனால் வந்து திட்டு. நான் ரொம்பக் களைத்துப் போய்விட்டேன், அண்ணா. அவரை அங்கே அனுப்ப எனக்கு மனசில்லை, இங்கே வைத்துக்கொள்ள உடம்பில்லை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பத்து நாள் வா. பத்து நாள் படுத்து எழுந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவாவது முடியும்.

தங்கை


ஏப்ரல் 18

தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆலையில் மாவு மூட்டை அடுக்கும் அறையில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நீ என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

லீவு கொடுக்கவில்லை என்று எழுதியது பொய். அப்பா விழுந்த மறுநாளே நாலு நாள் கொடுத்தார்கள். பையோடு பஸ் நிலையம் வந்தேன். நம் ஊர் பஸ் வந்து நின்றது, கிளம்பிப் போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று உனக்குத் தெரியும். நான் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸைப் போகவிட்டேன். பயமாக இருந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கினது ஞாபகம் இருக்கிறது. நான் அவரை எங்கே பிடித்து எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்கத்தான் தெரியும். அறைக்குத் திரும்பி வந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், "பகல் பத்தரைக்கு என்ன தூக்கம்" என்று.

இரண்டாவதைத்தான் எழுதக் கை வரவில்லை. அந்த ரொட்டிக்கு மூன்று மடிப்பு போதும். ஏழு வருடமாக நான் மூன்றுதான் மடிக்கிறேன். வேலை இருந்தால் இரண்டோடு விட்டுவிடுவேன், அதுவும் நன்றாகத்தான் வரும். உனக்கு அனுப்பும்போதுதான் நாலு என்று எழுதினேன். எப்படியும் நீ ஒன்றை விட்டுவிடுவாய், மிச்சம் மூன்று சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டி எழுதினேன்.

அந்த ஒன்றை நீ விடவில்லை.

இருபத்துநாலாம் தேதி வருகிறேன். எந்த பஸ் என்று எழுதவில்லை. வரும் பஸ்ஸில் ஏறுகிறேன்.

அண்ணன்


மே 1

அப்புறத்துக்கு,

உன் தோழி வீட்டில் நன்றாகத் தூங்குகிறாயா? கிளம்பும்போது நீ பேசாமலே போனாய். என் மேல் கோபமா, பேசத் தெம்பில்லையா என்று தெரியவில்லை. இரண்டும் நியாயம்தான். ஆனால் படி இறங்கிய பிறகு திரும்பி வந்து, "அக்குளுக்குக் கீழ பிடி, இடுப்பப் பிடிக்காத, கத்துவாரு" என்றாயே, அதுதான் இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றியது. இதைப் போனில் சொல்லலாம். பேசினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எழுதுகிறேன்.

முதல் நாள் அப்பாவைத் தூக்கியபோது இருவரும் சேர்ந்து கட்டிலிலேயே விழுந்தோம். "மெதுவாடா, நான் மாவு மூட்டை இல்ல" என்றார். இப்போது பழகிவிட்டது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையாட்டினார். என் முதுகு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஒன்றரை வருடம் நீ இதைத் தனியாகச் செய்திருக்கிறாய்.

முந்தாநாள் மாவு பிசைந்தேன். முதல் மடிப்பு முடித்தேன். அதற்குள் அப்பா கூப்பிட்டார். போனேன். பாத்ரூம், பிறகு சட்டை மாற்றல், பிறகு கால் பயிற்சி. பிறகு அவர் லிஃப்ட் கம்பி அறுந்து ஆறாம் மாடியில் நின்ற கதையை ஆரம்பித்தார். மாவு ஞாபகம் வந்தபோது மூன்று மணி. பாத்திரத்தின் விளிம்பில் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. உன் கேக் தகரத்தில் கவிழ்த்தேன். நேற்றுக் காலை சுட்டேன். ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் பொந்து. ஆலையில் இப்படி ஒன்று வந்தால் வேலை செய்தவனை நிற்கவைத்துக் கேட்பேன். அப்பாவும் நானும் பாதியைத் தின்றுவிட்டோம்.

சாப்பிடும்போது அப்பாவிடம் அந்த நாலாவது மடிப்பைச் சொன்னேன். நான் கூட்டி எழுதியதை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு சொன்னார்: "நானும் அதத்தான்டா பண்ணேன். அவ அஞ்சு நிமிஷம்னா. அவளோட அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? ஒரு மணி நேரம் ஆவும்னு நெனச்சுத்தான் நானே எந்திரிச்சேன். பாவம், அன்னிக்கி நெஜமாவே அஞ்சு நிமிஷத்துல வந்துட்டா."

இதை உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம். என்னை எழுதச் சொன்னார்.

இல்லத்துக்கு நேற்றே போன் செய்து, படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், ஆனால் செய்வதை நான்தான் செய்யப்போகிறேன். எடுக்காமல் சேர்ந்துபோன லீவு மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை, பழகிக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த ரொட்டி அட்டவணையைக் கிழித்துவிட்டேன். கோந்து மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அண்ணன்


மே 5

அண்ணாவுக்கு,

கோந்தில் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடு. தானாக வரும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். தோழி பயந்துவிட்டாள். அப்புறம் சிரித்தேன், அதற்கு இன்னும் பயந்தாள். அப்பாவிடம் சொல், எனக்குக் கோபம் இல்லை. உன் மேல் இருக்கிறது, ஆனால் நான்தான் ஒரு மாதம் பட்டினி போட்ட மாவைத் திறந்து பார்த்தவள் ஆயிற்றே. இந்தக் கோபமும் தெளியும்.

இங்கே எட்டு மணிக்கு எழுகிறேன், சாப்பிடுகிறேன், மறுபடி படுத்துவிடுகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. முதல் இரண்டு நாள் காது வாசலிலேயே இருந்தது. நேற்றுத்தான் மதியம் முழுக்கத் தூங்கினேன். நிஜமாகவே தூங்கினேன், அப்பாவிடம் அதையும் சொல்.

பத்து நாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கணக்குப்படி நாளைக்கு அங்கே இருக்க வேண்டும். பையைக்கூட எடுத்துவைத்தேன்.

அப்புறம் வருகிறேன்.

தங்கை